நான்கு நாள் முந்திப் பிறந்தவன்

எனக்குப் பிறந்தநாள் இரண்டு. ஒன்று அம்மாவுக்குத் தெரிந்தது: 1980 கார்த்திகை, தீபம் கழிந்து நாலாம் நாள், விடாத மழை. மற்றது அரசாங்கத்துக்குத் தெரிந்தது: 05.06.1980. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆதார், பணிப் பதிவேடு எல்லாவற்றிலும் இரண்டாவதுதான் இருக்கிறது. ஐந்தரை மாதம் வித்தியாசம்.

அந்த ஜூன் ஐந்தாம் தேதியைப் பெற்றெடுத்தவர் எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர். ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம். 1985 ஜூனில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் அவர் மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். அப்போதெல்லாம் பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம். என் விரல் காதுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. “எட்டிப் பிடில” என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். நான் தலையை வலப்பக்கம் சாய்த்தேன். காது மேலேறி வந்தது, நகம் பட்டது. சார் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் பேனாவைத் திறந்து, பள்ளி திறந்த வாரத்திலேயே எனக்கு ஐந்து வயதை முடித்துவைத்தார்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இப்படி மே, ஜூனில் பிறந்தவர்கள்தான். இன்று என் அலுவலகத்தில் ஒவ்வொரு மே 31-ஆம் தேதியும் சால்வையும் மாலையுமாகக் கூட்டமாக ஓய்வு பெறுகிறவர்களைப் பார்க்கும்போது, இவர்களில் எத்தனை பேர் காதைத் தொட்டுப் பிறந்தவர்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்று வெகுநாள் யோசித்ததில்லை. காரணம் வீட்டிலேயே இருந்தது. தங்கை பிறந்து நாலைந்து மாதம். அம்மா திண்ணையில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றுவாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் இலை என்றால் நாளுக்கு ஆயிரம் பீடி ஓடாது. நான் வேறு தூளைக் கையால் அளைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுவேன். பள்ளியிலோ 1982 ஜூலையிலிருந்து சத்துணவு உண்டு. ஒரு பிள்ளையைக் காலையில் அனுப்பினால் மத்தியானச் சோறும் தின்றுவிட்டு மாலையில்தான் வரும். இந்தக் கணக்குக்கு முன்னால் ஐந்தரை மாதம் எம்மாத்திரம்?

நான் படித்தேன், தேறினேன், வேலைக்கு வந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பு வரை காலைப் பிரார்த்தனை வரிசையில் முதல் ஆள் நான்தான், உயரத்தால். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசி ஆளும் நான்தான். ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலும் தூங்கியதாக ஞாபகம்.

என் மகன் பிறந்தது பாளையங்கோட்டையில், 2014 ஜூலை 28. ஆடி 12. இந்த முறை தேதியில் யாரும் கை வைக்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மாநகராட்சி முத்திரையோடு சான்றிதழ் வந்துவிட்டது. அதை வாங்கிப் பத்திரப்படுத்தியபோது ஜூலை 31 என்ற தேதி எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. தமிழ்நாட்டில் அந்த நாளில் ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. மூன்று முடிந்திருந்தால் எல்.கே.ஜி. என் மகன் நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிறந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. சட்டமே அவனுக்கு ஒரு வருஷம் கொடுத்திருக்கும்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 2016 விஜயதசமிக்கு, இரண்டே கால் வயதில், தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரல் பிடித்து ‘அ’ எழுத வைத்தோம். அவன் அரிசியை அள்ளித் தின்றான். எல்லோரும் சிரித்தோம். அடுத்த ஜூனில், இரண்டு வயது பத்து மாதத்தில், எல்.கே.ஜி. வேனில் ஏற்றிவிட்டோம். அம்மாவுக்குச் சொளவு, எங்களுக்கு இரண்டு அலுவலகம். அவளை அவசரக்காரி என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

எல்.கே.ஜி. எப்படியோ ஓடிவிட்டது. யு.கே.ஜி.யில்தான் தெரிந்தது. நாலு கோடு நோட்டில் நடுவிலுள்ள இரண்டு கோட்டுக்குள் சின்ன ‘ஏ’ எழுத வேண்டும். அவன் எழுதும் ‘ஏ’ நாலு கோட்டையும் தாண்டி அடுத்த வரியில் போய் உட்காரும். பென்சிலை அவன் பிடிப்பதைப் பார்த்தால் ஈட்டியைப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். முனை ஒடியும், தாள் கிழியும், அழித்து அழித்து அந்த இடம் கறுத்துப் போகும். அப்போதே கூட்டெழுத்து வேறு தொடங்கியிருந்தார்கள். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குக் கூட்டெழுத்து எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வேனை விட்டு இறங்கும்போது வாரத்தில் இரண்டு நாளாவது கால்சட்டை மாறியிருக்கும். நனைந்தது பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வரும். டிபன் பாக்ஸ் மூடி கழன்றதாகவே இருக்காது. அவனால் திறக்க முடியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை யு.கே.ஜி. மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண். வராந்தாவில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“சார், நான் சொன்னேன்னு ஆபீஸ்ல சொல்லிராதீங்க. இவன ஒரு வருஷம் கழிச்சு ஒண்ணாம் கிளாஸ்ல போடுங்க. புத்தியில ஒரு குறையும் இல்ல. நான் சொல்லுற கதைய வரி விடாமத் திருப்பிச் சொல்லுதான். கைதான் வரமாட்டேங்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு டெஸ்க்ல சாஞ்சு தூங்கிருதான். நான் எழுப்புறதில்ல. ஒண்ணாம் கிளாஸ்ல எழுப்புவாங்க சார்.”

கடைசி வாக்கியம் என்னை வீடு வரை துரத்தியது.

இரண்டு வாரம் கழித்து அதே பள்ளியில் பட்டமளிப்பு விழா. யு.கே.ஜி. முடித்ததற்குக் கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, சுருட்டி நாடா கட்டிய சான்றிதழ். அங்கி வாடகை தனி. தொப்பி அவன் கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. மேடையில் ஒரு கையால் தொப்பியைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் பட்டம் வாங்கினான். போட்டோ இன்னும் இருக்கிறது. பட்டம் பெற்ற கையோடு மறுபடி யு.கே.ஜி.யில் உட்கார வைப்பதா என்பதுதான் எங்கள் கேள்வி.

முடிவெடுக்க இரண்டு மாதம் பிடித்தது. இரண்டு மாதமும் வீடு வீடாக இல்லை. முதலில் குழந்தை மருத்துவரிடம் போனோம். குறை ஏதும் இருக்குமோ என்பதுதான் மனைவியின் பயம். அவர் அவனிடம் கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்தார், பந்தை எறியச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பிறகு தன் கையை நீட்டி மணிக்கட்டைக் காட்டினார். இங்கே எட்டுச் சின்ன எலும்பு உண்டு. இவன் வயதில் எல்லாம் எலும்பாக இறுகியிருக்காது, சிலது குருத்தாகவே இருக்கும். அந்தக் கையில் நீங்கள் கூட்டெழுத்துக் கேட்கிறீர்கள் என்றார். தரையிலும் சுவரிலும் பெரிதாக எழுதட்டும், தோளிலிருந்து கை சுழலட்டும், விரல் தானாகப் பின்னால் வரும் என்றார். இன்னொன்றும் சொன்னார். ஒரு வகுப்பில் வயதில் மிக இளைய பிள்ளைகளைத்தான் கவனம் இல்லாதவர்கள் என்று மருத்துவர்களிடம் அதிகமாக அனுப்புகிறார்கள். பல நாடுகளில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருஷம் வித்தியாசம்; ஐந்து வயதுக்காரனுக்கு அது அவன் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு, உங்களுக்கு எட்டு வருஷம் மாதிரி.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு. எட்டு வருஷம் மூத்தவர்களோடு நான் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

பிறகு உறவுகள். மனைவியின் மாமா, “ஒரு வருஷம் போச்சுன்னா கடைசியில ஒரு வருஷச் சம்பளம்லா போச்சு மாப்ளே” என்றார். இருபது வருஷத்துக்குப் பிறகு அவன் வாங்கப்போகும் சம்பளத்தில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். அலுவலக நண்பர் ஒருவர் கால்குலேட்டரை எடுத்துவிட்டார். நீட் எழுத அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் பதினேழு முடிய வேண்டும். இப்போதே சேர்த்தால் 2031-இல் பிளஸ் டூ முடிப்பான், ஜூலையில் பதினேழு, தப்பித்தான். அடுத்த வருஷம் சேர்த்தால் 2032, அப்போதும் தப்பித்தான் என்று தீர்ப்பு வழங்கினார். டிபன் பாக்ஸ் திறக்கத் தெரியாதவனுக்கு மருத்துவக் கல்லூரி வாசல் இரண்டு பக்கமும் திறந்துதான் இருந்தது. இன்னொருவர், பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆறு வயதில் அங்கே ஓராண்டு முன்பள்ளி கட்டாயம் என்பதை அந்தச் செய்தி சொல்லவில்லை. அங்கே மூன்று வயது வரை பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளப் பெற்றோருக்கு விடுப்பும், பள்ளி தொடங்கும் வரை பகல் காப்பகமும் கிடைக்கும் என்பதையும் சொல்லவில்லை. இங்கே காப்பகத்தின் மறுபெயர்தானே எல்.கே.ஜி.?

அந்த மே மாதக் கடைசியில்தான் கஸ்தூரிரங்கன் குழுவின் கல்விக் கொள்கை வரைவு வெளிவந்து, தமிழ்நாடே இந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நான் மட்டும் அந்தப் பெரிய வரைவில் வயதைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றிலிருந்து எட்டு வயது வரை ஒரே கட்டம், விளையாட்டும் செயலுமாக, என்றிருந்தது. அரசியலில் எனக்கு அந்த வரைவோடு நிறைய சண்டை உண்டு. அந்தப் பக்கத்தோடு மட்டும் சண்டை போட முடியவில்லை.

பள்ளி முதல்வர் ஒத்துக்கொள்ளவில்லை. “யு.கே.ஜி.யில யாரையும் நாங்க நிறுத்துறதில்ல சார். மத்த பேரண்ட்ஸ் என்ன நெனப்பாங்க? ரெண்டு மாசத்துல பிக்கப் பண்ணிருவான்.” ஒன்றாம் வகுப்பின் முதல் தவணைக் கட்டணத்தை ஏப்ரலிலேயே கட்டியிருந்தேன். எங்களை முடிவுக்குத் தள்ளியது ஒரே எண்ணம்தான். ஒன்றாம் வகுப்பில் ஏறிவிட்டால் பிறகு நிற்க இடமில்லை, எட்டாம் வகுப்பு வரை வண்டி நிற்காமல் ஓடும். இறங்குவதென்றால் நடைமேடையிலேயே இறங்கிவிட வேண்டும். எழுதிக் கொடுத்தோம். பள்ளியும் ஒருவழியாகச் சம்மதித்தது. கட்டண வித்தியாசம் திரும்பி வரவில்லை.

2019 ஜூனில் பள்ளி திறந்த அன்று மாலை அவன் பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அவனுடைய வேன் கூட்டாளி ஒருவன் உண்டு, எப்போதும் ஒரே சீட்டில் உட்காருவார்கள்.

“அவன் மாடிக்குப் போயிட்டான்ப்பா. எல்லாரும் மாடிக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் கீழயே இருக்கேன்.” பிறகு, “நான் ஃபெயிலாப்பா?”

மருத்துவர், மிஸ், மாமா, கஸ்தூரிரங்கன் எல்லோரையும் கேட்டிருந்தோம். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவன் எங்கே கேட்டான் என்று தெரியவில்லை. நான் என்னென்னவோ சொன்னேன். உனக்குச் சீக்கிரம் பிறந்தநாள் வந்துவிட்டது, அதனால்தான் என்றேன். “அப்ப என் பர்த்டேயை மாத்துங்க” என்றான். என் தலைமையாசிரியர் இருந்திருந்தால் மாற்றியிருப்பார்.

இரண்டு வாரம் பார்த்தோம். காலையில் வயிற்று வலி என்பான். வேன் ஹாரன் கேட்டதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். அதுவரை தாழ்ப்பாள் போடத் தெரியாத பிள்ளை. மூன்றாவது வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு புதுப் பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் ஏறினேன்.

ஊரில் அம்மா தனியாக இருந்தாள். இன்னும் கொஞ்சம் பீடி சுற்றுவாள், பழக்கத்துக்கு. நான் விஷயத்தைச் சொன்னதும், “இங்கன விட்டுட்டுப் போ. பள்ளிக்கூடம் எங்க ஓடிப்போகுது?” என்றாள். 1985-இல் என்னை இழுத்துக்கொண்டு ஓடியவள் சொன்ன பேச்சு இது. வாய்வரை வந்துவிட்டது, கேட்டேன். “என்னைய மட்டும் ஏம்மா அவ்வளவு வெரசா கொண்டு போய்த் தள்ளுன?”

அவள் இலையை நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “அன்னைக்கு அங்க சோறு போட்டாவ.”

மனைவி முதல் ஒரு மாதம் அழுதாள். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புவோம். பிள்ளையை ஊரில் தள்ளிவிட்டதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. அது முழுப் பொய் என்று சொல்லவும் எங்களால் முடியவில்லை.

நான் படித்த அதே பள்ளி வளாகத்து அங்கன்வாடியில் அந்த வருஷம் ஜனவரியில்தான் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியிருந்தார்கள். மாநிலம் முழுக்க 2,381 மையங்களில் தொடங்கியதில் அதுவும் ஒன்று. ஊரார் வாயில் அது பால்வாடிதான். இருபது பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நோட்டு கிடையாது. பாட்டு, மணல், முட்டை, தூக்கம். ஆம், மத்தியானம் பாய் விரித்துத் தூங்க வைத்தார்கள். அவனுடைய இரண்டு மணிக்கு அங்கே மரியாதை இருந்தது. மாடியே இல்லாத கட்டடம், அதுவும் ஒரு வசதி.

வீட்டில் ஆச்சி அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்க உட்காரவில்லை. தூள் நெடி ஆகாதென்று சொளவைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவே. சாயங்காலம் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. முதலில் அவன் கொட்டைகளைக் கைநிறைய அள்ளி ஒரே குழியில் கொட்டுவான். பிறகு ஒவ்வொன்றாக, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்துப் போடத் தொடங்கினான். அந்த இரண்டு விரலைத்தான் யு.கே.ஜி. முழுக்கப் பென்சிலில் தேடிக்கொண்டிருந்தோம். எட்டு மணி பஸ், பத்து மணி பஸ் என்று நேரம் சொல்லப் பழகினான். சட்டைப் பொத்தானைத் தானே போட்டான், மேலேயிருந்து தொடங்காமல் கீழேயிருந்து. அப்படிப் போட்டால்தான் தப்பாது என்று ஆச்சி சொன்னாளாம். அவன் அங்கே இருந்தபோதே, நவம்பர் 22-ஆம் தேதி, ஊர் திருநெல்வேலியை விட்டுப் புதிய தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது. “நாம வேற மாவட்டம்” என்று வாரக் கடைசியில் வந்த எங்களிடம் பெருமையாகச் சொன்னான்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை போனபோது புறவாசல் சுவரில் கரித்துண்டால் அவன் பெயர். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறக்கவில்லை, புள்ளியே எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அம்மா அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டாள்.

நடுவில் ஒன்று. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. நல்லவேளை நிறுத்தினோம் என்று நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2020 பிப்ரவரியில் அதை விலக்கிக்கொண்டார்கள். அந்த ஆறுதலும் போயிற்று.

அடுத்த மாதம் எல்லாமே போயிற்று. மார்ச் பாதியில் பள்ளிகள் மூடின, அங்கன்வாடி மூடியது, பஸ் நின்றது. பாஸ் வாங்கி அவனைக் கூட்டி வந்தோம். ஆகஸ்டில் சேர்க்கை தொடங்கியபோது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள உதவிபெறும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். தலைமையாசிரியை முகக்கவசத்துக்கு மேலாகச் சான்றிதழைப் பார்த்து, “ஆறு முடிஞ்சிருச்சே, ஏன் இவ்வளவு லேட்டு?” என்றார். விளக்கம் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். புத்தகங்களைக் கையில் கொடுத்து அனுப்பினார். ஒன்றாம் வகுப்பை அவன் என் கைபேசியிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் படித்து முடித்தான். இரண்டாம் வகுப்பில் பாதியும் அப்படியே.

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள். ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தார்கள். அன்றுதான் அவன் தன் பள்ளியின் வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தான். ஏழு வயது மூன்று மாதம். நாங்கள் திட்டமிட்டது ஒரு வருஷம், கிடைத்தது இரண்டரை. பின்லாந்துச் செய்தி அனுப்பிய நண்பருக்கு இதைச் சொன்னேன்.

வாசல் வரை கையைப் பிடித்து வந்தான். அங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். மாலையில் ஆசிரியை சொன்னது, வகுப்பில் பாதிப் பேருக்குப் பெயர் எழுத வரவில்லை என்பது. ஜூலையில் பிறந்தவன், ஆகஸ்டில் பிறந்தவள் என்ற வித்தியாசமெல்லாம் அடிபட்டுப் போயிருந்தது. பத்தொன்பது மாதம் எல்லாப் பிள்ளைகளும் நின்றிருந்தார்கள்.

இதில் ஒரு கணக்கு என்னை இன்னும் உறுத்துகிறது. மாடிக்குப் போன அந்த வேன் கூட்டாளிக்கு 2019 ஜூனிலிருந்து 2020 மார்ச் வரை ஒன்பது மாத நிஜமான ஒன்றாம் வகுப்பு கிடைத்தது. கரும்பலகை, பக்கத்தில் பிள்ளைகள், எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். என் மகனுக்கு ஒன்றாம் வகுப்பு என்று ஒன்று கிடைக்கவே இல்லை. நாங்கள் நிறுத்தாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அந்த ஒன்பது மாதத்தில் அவனுக்குப் பல்லாங்குழியும் கரித்துண்டும் மத்தியானத் தூக்கமும் இருந்தன என்று நான் பதில் சொல்லிக்கொள்வேன். சில நாள் அந்தப் பதில் போதுமானதாக இருக்கிறது. அவன் மூன்றாம் வகுப்பிலும் விரல் வைத்துத் தட்டுத் தடுமாறிப் படித்த நாட்களில் போதவில்லை.

அதற்குள் விதிகளும் நகர்ந்தன. கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதல் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-இல் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்றாக்கினார்கள். எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் தோற்றார்கள். அந்த விதியை என் மகனுக்குப் போட்டுப் பார்த்தேன். 2021 ஏப்ரலில்தான் அவன் ஒன்றாம் வகுப்புக்கே தகுதி பெறுவான். லேட்டு என்று தலைமையாசிரியை சொன்ன பிள்ளை அந்தக் கணக்கில் ஒரு வருஷம் முந்தியவன். 2023-இல் ஒன்றிய அரசு எல்லா மாநிலங்களையும் ஆறு வயதுக்கு மாறச் சொல்லிக் கடிதம் எழுதியது. தமிழ்நாடு ஐந்திலேயே நிற்கிறது. வேலைக்குப் போகும் தாய்மாரையும் பள்ளிச் சோற்றையும் நினைத்தால், கதவை ஐந்து வயதில் திறந்து வைத்திருப்பதே நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. திறந்திருக்கும் கதவுக்குள் எல்லாப் பிள்ளையையும் அன்றைக்கே தள்ள வேண்டுமா என்பதுதான் என் வழக்கு.

இப்போது அவன் ஆறாம் வகுப்பு. கையெழுத்து இன்றும் அழகில்லை, என்னுடையதைவிடப் பரவாயில்லை. பிரார்த்தனை வரிசையில் நடுவில் எங்கோ நிற்கிறான். 2019-ஐப் பற்றிக் கேட்டால் ஃபெயில் என்ற பேச்சே அவனுக்கு நினைவில்லை, ஆச்சி வீட்டு முட்டைதான் நினைவிருக்கிறது. எனக்கும் அவன் அம்மாவுக்கும் வாசலில் நின்ற அந்த மாலை மறக்கவில்லை.

மறுபடி செய்வாயா என்று கேட்டால், நிறுத்துவேன். நிறுத்திய விதத்தில் மட்டும் மூன்று தப்பு. அதே பள்ளியில், கூட்டாளிகள் மாடியேறுவதைப் பார்க்கும் இடத்தில் வைத்தது ஒன்று. அவனிடம் முன்கூட்டிப் பேசாதது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மூலம் இரண்டு வயது பத்து மாதத்தில் வேனில் ஏற்றியது.

உங்கள் வீட்டில் ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளை இருந்தால், எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்கப் போகும் முன்பே இதை உட்கார்ந்து பேசிவிடுங்கள். அப்போது ஒரு வருஷம் தள்ளினால் அது பிள்ளைக்குத் தெரியக்கூடத் தெரியாது. பட்டமளிப்பு அங்கியெல்லாம் போட்டுக் கழற்றிய பிறகு, ஒன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்று யோசிக்காதீர்கள்.